என்.சி.சி.யில் சேர்ந்தால் பைலட் ஆகலாமா? 45 லட்சம் ரூபாய் இல்லாத உத்திரமேரூர் மாணவருக்கு இருக்கும் இன்னொரு வழி

2025 நவம்பர் 14-ஆம் தேதி பிற்பகல், தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் பக்கம் விழுந்து நொறுங்கியது. விமானி வெளியே குதித்து உயிர் தப்பினார். ஊர்க்காரர்கள் யாருக்கும் ஆபத்து இல்லை. அன்று சாயங்காலம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட வாட்ஸ்அப் குரூப்களில் வீடியோ பறந்தது. அதோடு ஒரு கேள்வியும் சுற்றியது: "இந்த ஃபிளைட்ல டிரெய்னிங் எடுக்கிறவங்க எல்லாம் எப்படிப்பா உள்ள போறாங்க?"

மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் நாடு முழுக்க ரத்தாகின. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் கிளம்பவில்லை. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. இரவு நேரத் தரையிறக்கங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. புதிய விதிகளுக்குத் தேவையான அளவு விமானிகளை நிறுவனம் தயார் செய்து வைக்கவில்லை என்பதுதான் அந்தக் குழப்பத்தின் மையம். "பைலட் பற்றாக்குறை" என்ற வார்த்தை அப்போதுதான் டீக்கடை வரை வந்து சேர்ந்தது.

இரண்டு செய்தியையும் பார்த்த பிளஸ் டூ மாணவர்களில் சிலருக்கு ஆசை வந்திருக்கும். உத்திரமேரூர் போன்ற ஊரில் அந்த ஆசையோடு கூடவே ஒரு பேச்சும் வரும்: "காலேஜ்ல என்.சி.சி. ஏர் விங் சேர்ந்துட்டா ஃப்ரீயா ஃபிளைட் ஓட்டக் கத்துக் கொடுப்பாங்களாம், பைலட் ஆகிடலாமாம்."

இது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் மூன்று வருடமும் போகும், சில நேரம் நிலமும் போகும்.

ராணுவத்துக்குள்ளே ஒரு ஃபிளையிங் கிளப்

ராணுவம் மூலமாகப் பறக்கக் கற்பது என்பதை உலகம் எப்படிச் செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 'ஏரோ கிளப்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1948-இல் ஜெனரல் கர்டிஸ் லீமே தொடங்கி வைத்தது. படைத்தளத்திலேயே சில சின்ன விமானங்கள், சில பயிற்றுநர்கள். உறுப்பினர்கள் மாதச் சந்தா கட்ட வேண்டும், பறக்கும் நேரத்துக்கு வாடகை கட்ட வேண்டும். வெளியே இருக்கும் பயிற்சிப் பள்ளியைவிடக் கட்டணம் குறைவாக வைப்பதே நோக்கம்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. போர் விமானம் ஓட்டுகிறவர்களுக்காக இந்த கிளப் இல்லை. சமையலறையில் வேலை செய்யும் சிப்பாய், எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக், ஓய்வு பெற்றவர், அவர்களுடைய மனைவி மக்கள் என்று யார் வேண்டுமானாலும் சேர்ந்து, குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறந்து, தேர்வு எழுதி, சாதாரண குடிமக்கள் வாங்கும் அதே தனியார் விமானி உரிமத்தை வாங்கலாம். படையில் என்ன பதவி என்பதற்கும் பறக்கும் ஆசைக்கும் அங்கே சம்பந்தமில்லை.

பிரிட்டனில் வேறு மாதிரி. அங்கே 1925 முதலே பல்கலைக்கழக ஏர் ஸ்குவாட்ரன்கள் உண்டு. கல்லூரி மாணவர்களை விமானப்படை தன் செலவில் பறக்க வைக்கும். படித்து முடித்ததும் படையில் சேர்ந்தால் நல்லது, சேராவிட்டாலும் நாட்டில் விமானம் பற்றித் தெரிந்தவர் ஒருவர் கூடுகிறார் என்ற கணக்கு.

இந்தியா பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது வழியைத்தான். தேசிய மாணவர் படைச் சட்டம் 1948-இல் வந்தது. அதன் விமானப் பிரிவு 1950 ஏப்ரல் 1-ஆம் தேதி பம்பாயிலும் கல்கத்தாவிலும் தலா ஒரு ஸ்குவாட்ரனோடு தொடங்கியது. அமெரிக்க பாணியில், படைமுகாம் தோறும் சந்தா கட்டிப் பறக்கும் உறுப்பினர் கிளப் இங்கே பரவலாக வரவில்லை. விமானப்படையில் ஏர்மேனாகவோ அக்னிவீராகவோ சேர்ந்த ஒரு கிராமத்துப் பையன், வேலை நேரம் போக மீதி நேரத்தில் தளத்து கிளப்பில் ஓட்டக் கற்று உரிமம் வாங்குவது என்பது இங்கே வழக்கமான பாதை கிடையாது. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "ஏர்ஃபோர்ஸ்ல சேர்ந்தா எப்படியும் ஃபிளைட் ஓட்டிடலாம்" என்று நம்பி அக்னிவீர் விண்ணப்பம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சென்னையில் ஒரு காலத்தில் இருந்தது

பறக்கும் கிளப்புக்கும் படைக்கும் தமிழ்நாட்டில் தொடர்பே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. 1920-களின் கடைசியில் பிரிட்டிஷ் இந்திய அரசு ஊர் ஊராக ஃபிளையிங் கிளப்களை ஊக்குவித்தது. டி ஹாவிலாந்து மோத் விமானங்களும் மானியமும் கொடுத்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சி என்று வரிசையாகத் தொடங்கியபோது மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பும் வந்தது. 1929-இல் ஜே.ஆர்.டி. டாட்டா இந்தியாவின் முதல் விமானி உரிமத்தை வாங்கியதும் இந்தக் காலத்து கிளப் ஒன்றின் மூலமாகத்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் இந்த கிளப்களின் அருமை தெரிந்தது. இந்திய விமானப்படையின் தன்னார்வ ரிசர்வுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டபோது, ஆரம்பப் பயிற்சியை கிளப்களே கொடுத்தன. கடலோரத்தைக் காவல் காக்க ஐந்து 'கடலோரப் பாதுகாப்பு ஃபிளைட்'கள் அமைக்கப்பட்டன. அவற்றில் முதலாவதின் இருப்பிடம் சென்னை, பரங்கிமலை. நேற்று வரை பொழுதுபோக்காகப் பறந்தவர்கள் வங்கக் கடல் மேல் ரோந்து போனார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் இந்த கிளப் கலாச்சாரம் இருந்தது. 1958-இல் முதன்முதலாகப் பறந்த எச்.ஏ.எல். நிறுவனத்தின் 'புஷ்பக்' என்ற இரண்டு இருக்கை விமானமே கிளப்களுக்காகச் செய்யப்பட்டதுதான். பிறகு மானியம் தேய்ந்தது, பெட்ரோல் விலை ஏறியது, பெரிய நகரங்களின் ஓடுபாதைகளில் ஜெட் விமானங்களுக்கு நடுவே சின்ன விமானத்துக்கு நேரம் கிடைப்பதே அபூர்வமானது. மானியத்தில் ஓடிய கிளப் இருந்த இடத்தில் இன்று லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இந்த மாற்றத்தில் வெளியே தள்ளப்பட்டது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செலவு எவ்வளவு?

விமான நிறுவனத்தில் சம்பளத்துக்கு ஓட்ட வேண்டுமானால் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், சுருக்கமாக சி.பி.எல்., வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. தருவது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் விமானத்துக்குத் தானே பொறுப்பாக இருந்து ஓட்டியிருக்க வேண்டும். வானிலை, வழிகாணல், விதிமுறைகள், தொழில்நுட்பம் என்று எழுத்துத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. எல்லாம் ஆங்கிலத்தில்.

உத்தரப்பிரதேசம் ரேபரேலி அருகே ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசே நடத்தும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமியின் கட்டணமே சுமார் 45 லட்சம் ரூபாய். அரசு நிறுவனத்திலேயே இவ்வளவு. தனியாரில் ஊருக்கு ஊர் மாறும். லைசென்ஸ் வாங்கியதும் வேலை வந்துவிடாது. ஏர்பஸ் 320 மாதிரி ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட 'டைப் ரேட்டிங்' என்று தனிப் பயிற்சி உண்டு, அதற்கு இன்னும் பல லட்சம்.

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்று அதில் தகுதி போட்டிருக்கிறார்கள். 1,100 வருஷம் ஆகியும், விமானி இருக்கைக்கு அந்த விதி ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. கல்விக் கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பது பட்டாவும் வில்லங்கச் சான்றும்தான். பரந்தூரில் புதிய விமான நிலையத்துக்காக நிலம் போகிறது என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிற இதே மாவட்டத்தில், விமானத்துக்காக நிலம் போக இப்படி இன்னொரு வழியும் இருக்கிறது.

45 லட்சத்தைப் போட்டால் கிடைக்கும் பயிற்சியாவது உறுதியா? அங்கேயும் சிக்கல். டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபரில் முதன்முறையாக நாட்டிலுள்ள விமானப் பயிற்சி நிறுவனங்களுக்குத் தரவரிசை வெளியிட்டது. மதிப்பிட்ட 35 நிறுவனங்களில் ஒன்றுகூட முதல் இரண்டு தரங்களில் வரவில்லை. 13 நிறுவனங்கள் 'பி' தரம், 22 நிறுவனங்கள் 'சி' தரம். பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. விமானம் பழுது, பயிற்றுநர் இல்லை, ஓடுபாதை கிடைக்கவில்லை என்று ஒரு வருடப் படிப்பு இரண்டு மூன்று வருடமாக இழுத்துக்கொண்டு போவதுதான் மாணவர்களின் பெரிய புகார். வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

சின்ன ஆறுதல்கள் சில உண்டு. அங்கீகரிக்கப்பட்ட பறக்கும் பயிற்சிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் தெளிவுபடுத்தியது. பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் சி.பி.எல். படிப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது; குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே சேலம் விமான நிலையத்தில் பயிற்சி நிறுவனத்துக்கு இந்திய விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கியது. உத்தரப்பிரதேசம் வரை போக வேண்டிய கட்டாயம் குறைகிறது, செலவு குறைவதில்லை.

சரி, என்.சி.சி. என்ன கொடுக்கிறது?

என்.சி.சி.யில் ராணுவப் பிரிவு, கடற்படைப் பிரிவு, விமானப் பிரிவு என்று மூன்று உண்டு. கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு சீனியர் டிவிஷன், மாணவிகளுக்கு சீனியர் விங். முதல் வருடம் கல்லூரி தொடங்கிய சில வாரங்களிலேயே ஆள் எடுப்பார்கள்: ஓட்டம், உடல் தகுதி, சின்ன நேர்காணல். சேர்க்கைக்குக் கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சீருடை அரசே தரும். இரண்டாம் ஆண்டு முடிவில் 'பி' சான்றிதழ், மூன்றாம் ஆண்டு முடிவில் 'சி' சான்றிதழ். தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மூன்றுக்கும் சேர்ந்த இயக்குநரகம் சென்னையில் இருக்கிறது.

விமானப் பிரிவு மாணவர்கள் பறப்பது 'மைக்ரோலைட்' என்ற மிக லேசான விமானத்தில். நிறைய ஆண்டுகள் ஜென் ஏர் ரகம் ஓடியது. 2015-இல் விமானப்படை, கடற்படை, என்.சி.சி. மூன்றுக்குமாக 194 புதிய மைக்ரோலைட்கள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். ஸ்லோவேனியா நாட்டு பிப்பிஸ்ட்ரெல் நிறுவனத்தின் 'வைரஸ் எஸ்.டபிள்யூ. 80'. பெயரைக் கேட்டு யாரும் பதற வேண்டாம், கொரோனாவுக்கு முன்னால் வைத்த பெயர். 194-இல் 110 என்.சி.சி.க்கு. அதாவது பெரும்பங்கு மாணவர்களுக்காகவே வாங்கப்பட்டது.

இதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை. எஞ்சின் சக்தி 80 குதிரைத்திறன், ஒரு சின்ன காருக்கு இருக்கும் அளவு. ஒன்றில் விமானப்படை அதிகாரி, இன்னொன்றில் மாணவர். இருவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு. கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி வந்து இறக்கை, சக்கரம், எரிபொருள், ஆயில் எல்லாம் சரிபார்க்க வேண்டும். மேலே போனதும் நேராக, ஒரே உயரத்தில் பிடித்துக்கொண்டு போவதுதான் முதல் பாடம். கேட்க எளிதாக இருக்கும். புதிதாக ஸ்டிக்கைப் பிடிக்கிறவர் அதை இறுக்கிப் பிடித்து, மூக்கு மேலே போனதும் அழுத்தி, கீழே போனதும் இழுத்து, கடல் அலை மாதிரி ஏறி இறங்குவார். இரண்டு விரலால் லேசாகப் பிடிக்கக் கற்பதற்கே சில தடவை ஆகும். பிறகு திரும்புதல், ஏறுதல், இறங்குதல், ஓடுபாதையைச் சுற்றி வந்து தரையிறங்கும் வட்டம்.

உண்மையில் எத்தனை தடவை பறக்கக் கிடைக்கும் என்பதில்தான் எதிர்பார்ப்பும் நடப்பும் பிரிகின்றன. ஏர் ஸ்குவாட்ரன்களில் பறக்கும் பிரிவு, தொழில்நுட்பப் பிரிவு என்று இரண்டு வகை உண்டு. தொழில்நுட்பப் பிரிவில் விமான மாதிரி செய்வது, எஞ்சின் பற்றிய பாடம் என்று அதிகம் போகும், பறப்பது குறைவு. பறக்கும் பிரிவிலும் விமானம் பழுதில்லாமல் இருக்க வேண்டும், வானிலை ஒத்துழைக்க வேண்டும், பயிற்றுநர் இருக்க வேண்டும், ஓடுபாதையில் நேரம் கிடைக்க வேண்டும். பெரும்பாலான மாணவர்களுக்கு வாய்ப்பது பயிற்றுநரோடு சேர்ந்து சில தடவை பறக்கும் அனுபவம். அகில இந்திய வாயு சைனிக் முகாமின் பறக்கும் போட்டிக்குத் தேர்வாகும் சிலருக்கு அதைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. 2020 பிப்ரவரியில் பஞ்சாபின் பாட்டியாலாவில் என்.சி.சி. மைக்ரோலைட் ஒன்று விழுந்ததில் பயிற்றுநரான விமானப்படை அதிகாரி இறந்தார், உடன் இருந்த மாணவர் காயமடைந்தார். பெற்றோர் கையெழுத்துப் போடும் படிவத்தை அவசரத்தில் படிக்காமல் போடக் கூடாது.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். என்.சி.சி. 'சி' சான்றிதழ் விமானி உரிமம் ஆகாது. அதை வைத்து எந்த விமான நிறுவனமும் வேலை தராது. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில், மாணவ விமானி உரிமத்தோடு பறந்து பதிவேட்டில் ஏறும் மணி நேரம்தான் சி.பி.எல். கணக்குக்கு உதவும். என்.சி.சி.யில் பறந்ததால் 200 மணி நேரத்தில் கொஞ்சம் கழியும் என்று நினைத்து குடும்பம் பட்ஜெட் போட்டால் கணக்கு உதைக்கும்.

ஆனால் வேறொரு கதவு திறக்கிறது

என்.சி.சி. விமானப் பிரிவின் உண்மையான மதிப்பு விமானப்படைக்குள் நுழையும் வழியில் இருக்கிறது.

விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குப் பட்டதாரிகள் போக வேண்டுமானால் பொதுவாக ஏ.எஃப்.சி.ஏ.டி. அல்லது யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வைத் தாண்ட வேண்டும். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வுகள். கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பலர் வடிகட்டப்படுவது இங்கேதான், பெரும்பாலும் ஆங்கிலத் தாளில். 'என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி' என்று ஒரு வழி இருக்கிறது. விமானப் பிரிவு சீனியர் டிவிஷன் 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தேர்வுகளின் பறக்கும் பிரிவு இடங்களில் 10 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுத்துத் தேர்வு இல்லை. நேராக விமானப்படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணல். மைசூரு, டேராடூன், காந்திநகர், வாரணாசி போன்ற இடங்களில் நடக்கும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பக்கம் மைசூரு.

தேர்வானால் ஐதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமியில் பயிற்சி. அரசுதான் செலவு செய்யும். பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்றால் பறக்கும் பிரிவில் 14 வருடம். முடித்து வெளியே வரும்போது வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். படையில் பறந்த மணி நேரங்களை வைத்து, டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதி, சிவில் லைசென்ஸ் வாங்கி விமான நிறுவனத்துக்குப் போனவர்கள் ஏராளம். 45 லட்சம் ரூபாய் பிரச்சினையே எழாமல் அதே இருக்கைக்குப் போகும் பாதை இது. நீளமான பாதை, உயிரைப் பணயம் வைக்கும் வேலை, நடுவில் குடும்பம் ஊர் ஊராக மாற வேண்டும். லைசென்ஸுக்காக மட்டும் போகிற இடமும் அது இல்லை.

கதவு திறந்திருக்கிறதே தவிர அகலமானது இல்லை. அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்துவிட்டு டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவது இடம். எடுத்தது எட்டுப் பேரை. நேர்காணல் என்பது இன்றும் அந்த மாதிரிதான்.

இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாதது. பறக்கும் பிரிவுக்கு மட்டும் சி.பி.எஸ்.எஸ். என்ற கணினி வழி விமானித் திறன் சோதனை வைப்பார்கள். கையும் காலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். அதில் தோற்றால், அடுத்த வருடம் வேறு வழியில் விண்ணப்பித்தாலும் பறக்கும் பிரிவு கிடையாது. மற்ற பிரிவுகளுக்கு மட்டும் போகலாம். "சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று தயாரிப்பில்லாமல் போகக் கூடாத இடம் இது. மைக்ரோலைட்டில் சில தடவை ஸ்டிக்கும் ரட்டர் பெடலும் பிடித்துப் பழகியவருக்கு, முன்பின் பார்க்காதவரைவிட அங்கே பதற்றம் குறைவாக இருக்கும். என்.சி.சி. தரும் அந்தச் சில சுற்றுகளின் பயனை இங்கே காணலாம்.

உத்திரமேரூரிலிருந்து பார்த்தால்

இந்தப் பாதையின் பெரிய குறை, அது தொடங்கும் இடம். எல்லாக் கல்லூரியிலும் என்.சி.சி. இல்லை. என்.சி.சி. இருக்கும் கல்லூரியிலும் பெரும்பாலும் ராணுவப் பிரிவுதான். விமானப் பிரிவு என்றால் ஏர் ஸ்குவாட்ரனுக்கு எட்டும் தூரத்தில், சென்னை போன்ற பெரிய நகரத்தின் கல்லூரிகளில்தான் அதிகம். ராணுவப் பிரிவில் மூன்று வருடம் கஷ்டப்பட்டு 'சி' சான்றிதழ் வாங்கினாலும் விமானப்படையின் இந்த நேரடி வழிக்கு அது செல்லாது. பஸ்ஸில் போய் வரும் தூரம் என்று பார்த்து வாலாஜாபாத் வழியிலோ செங்கல்பட்டு வழியிலோ ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் மாணவி, தனக்கே தெரியாமல் இந்தக் கதவை அன்றைக்கே மூடிவிடுகிறார்.

2024-இல் பாதுகாப்பு அமைச்சகம் என்.சி.சி.க்கு மூன்று லட்சம் இடங்களைக் கூட்டி மொத்தம் 20 லட்சமாக்க ஒப்புதல் கொடுத்தது. ஆனால் ராணுவப் பிரிவில் ஒரு புதிய யூனிட் தொடங்க மைதானமும் ஒரு பேராசிரியரும் போதும். விமானப் பிரிவை நீட்ட விமானம், ஓடுபாதை, பயிற்றுநர் மூன்றும் வேண்டும். கூடுதல் இடங்களில் எவ்வளவு கிராமப்புறக் கல்லூரிகளின் விமானப் பிரிவுக்கு வரப்போகிறது என்பது மாவட்டத்து எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் கேட்க வேண்டிய கேள்வி. 1954 முதல் விமானப்படையின் பயிற்றுநர்களையே உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். நாட்டுக்கே வாத்தியார் தயாராகும் இடம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், விமானத்தில் ஏறிப் பார்த்த ஒரு கல்லூரி மாணவரை உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது பத்தாம் வகுப்பிலோ பிளஸ் ஒன்னிலோ இருப்பவர் முடிவெடுக்க வேண்டியவை சிலவே. பிளஸ் ஒன்னில் இயற்பியலும் கணிதமும் உள்ள பிரிவு. விமானப்படைக்கு இரண்டிலும் பிளஸ் டூவில் 50 சதவீதமும், பட்டப்படிப்பில் 60 சதவீதமும் கேட்கிறார்கள். பட்டப்படிப்பு எதுவாகவும் இருக்கலாம், பி.ஏ. தமிழ் படித்தவரும் போகலாம். சிவில் பக்கம், கலை, வணிகவியல் மாணவர்களுக்கும் சி.பி.எல். திறந்துவிடலாம் என்று 2025-இல் பேச்சு அடிபட்டது. அதை நம்பிப் பாடத்தை விட வேண்டாம். ஏற்கெனவே விட்டவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடத்தை மட்டும் தனியாக எழுதலாம்.

கல்லூரி விண்ணப்பம் போடும் மே, ஜூன் மாதத்தில் கட்டணம், ஹாஸ்டல் விசாரிக்கும்போதே "உங்க காலேஜ்ல ஏர் விங் இருக்கா? ஃபிளையிங்கா, டெக்னிக்கலா? பெண்களுக்கு எத்தனை இடம்?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அலுவலகத்தில் தெரியாது என்றால், என்.சி.சி. பொறுப்பு ஆசிரியர் யார் என்று கேட்டு அவரிடம் போகலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கண் பரிசோதனை. விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குக் கண் விதிகள் கடுமையானவை. குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. சிவில் லைசென்ஸுக்குக் கண்ணாடி போட்டுப் பார்வை சரியானால் பெரும்பாலும் போதும், ஆனால் நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் இரண்டு பக்கமும் சிக்கல். காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டு அரசு மருத்துவமனையிலோ ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும் பரிசோதனை. பயிற்சி நிறுவனத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, அதற்கப்புறம் டி.ஜி.சி.ஏ. மருத்துவத் தேர்வில் நிறக்குருடு என்று தெரிந்துகொண்டு, பணத்தைத் திரும்பக் கேட்டு அலைகிற குடும்பங்களும் உண்டு.